நாள்வழி இல்லாத பேரேடு

சித்தூர் வெல்ல மண்டியில் என் அப்பா நாற்பது வருஷம் கணக்கு எழுதினார். அவரிடம் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று நாள்வழி, இன்னொன்று பேரேடு. அன்றன்று வந்த மூட்டை, போன மூட்டை, கரும்புக்காரருக்குக் கொடுத்த முன்பணம், ஏற்றுக்கூலி எல்லாம் நாள்வழியில் ஏறும். வாரக் கடைசியில் அதைப் பிரித்து ஆள் வாரியாகப் பேரேட்டுக்குக் கொண்டுபோவார். பந்த் என்று மண்டி மூடியிருந்தாலும் நாள்வழியில் தேதி போட்டு ஒரு வரி இருக்கும்: 'இன்று வரவு இல்லை.'

முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதமுடியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். "ரெண்டு வருஷமா நாள்வழியே எழுதாம, கடைசியில ஒக்காந்து பேரேடு எழுதிடலாம்னு எவன்டா உனக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். திருப்பதியில் எந்தப் பல்கலைக்கழகக் கேன்டீனிலும் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இந்த வாக்கியம் காதில் விழும்: "டேட்டாவெல்லாம் முடிஞ்சிது, ரைட்-அப் மட்டும்தான் பாக்கி." அந்த 'மட்டும்'தான் ஆளைக் கொல்லுகிறது. எழுதுவதை வீடு கட்டி முடித்தபின் அடிக்கிற வெள்ளை என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்து ஆராய்ச்சியைப் பாதியில் விட்டவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒருவர்கூடத் தகவல் கிடைக்காமல் விடவில்லை. பீரோ நிறைய ஜெராக்ஸ் வைத்துக்கொண்டு, முதல் பக்கம் எழுதமுடியாமல் விட்டார்கள்.

நான் சித்தூரில் ஒரு தனியார் டிகிரி காலேஜில் சரித்திர லெக்சரர். பத்தாவது வரை தமிழ், இண்டர் தெலுங்கு, அதற்குமேல் ஆங்கிலம். எல்லை மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் வழக்கமான பாதை இது. 2020 பிப்ரவரியில், முப்பத்தெட்டு வயதில், திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். அடுத்த மாதம் ஊரடங்கு.

எடுத்துக்கொண்ட விஷயம் திருமலைக் கல்வெட்டுகள். அந்த மலையில் உள்ள கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ். சாமவை என்ற பல்லவ அரசி வெள்ளியில் ஒரு திருமேனி செய்து கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டும் தமிழ்தான். அதன் காலத்தைக் கி.பி. 966 என்று கணிக்கிறார்கள். 1930களில் தேவஸ்தானம் இந்தக் கல்வெட்டுகளை ஆறு தொகுதிகளாக அச்சிட்டது. சாது சுப்பிரமணிய சாஸ்திரியும் வி. விஜயராகவாசாரியாரும் படித்துப் பதிப்பித்தவை, ஆங்கில மொழிபெயர்ப்போடு. அவற்றை ஆதாரமாக வைத்து 1958இல், சிகாகோ பல்கலைக்கழகத்தில், பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்கர் டாக்டர் பட்டம் வாங்கினார். பக்தர்கள் கோயிலில் கட்டிய பணம் சும்மா கிடக்கவில்லை, கோயில் கிராமங்களில் ஏரிக்கும் கால்வாய்க்கும் போயிற்று, அதனால் கூடிய விளைச்சலிலிருந்து படையல் நடந்தது என்று அவர் எடுத்துக்காட்டினார். அறுபது வருஷம் கழித்து, அதே கல்வெட்டைத் தாய்மொழியாகப் படிக்கத் தெரிந்த எனக்கு, எழுபது கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு, முதல் பக்கம் எழுத ஆறு மாதம் ஆயிற்று.

சிக்கியது ஒரு சொல்லில். 'விட்டவன் விழுக்காடு.' விட்டவன் என்றால் தர்மம் விட்டவன், கொடை வைத்தவன். விழுக்காடு என்றால் பங்கு. சதவீதத்துக்கு இன்று பத்திரிகையில் எழுதுகிறோமே, அதே சொல். பெருமாளுக்குப் படைத்த தளிகையில், கொடை வைத்தவருக்கு நாலில் ஒரு பங்கு. இதை ஆங்கிலத்தில் 'டோனர்ஸ் ஷேர்' என்று எழுதினேன். எழுதியதும் விஷயம் முடிந்துபோயிற்று. கொடையாளியின் பங்கு கால்வாசி, முற்றுப்புள்ளி. அடுத்து என்ன எழுதுவது? ஒரு இயலுக்கு நாற்பது பக்கம் வேண்டும் என்று கைடு சொல்லியிருந்தார். என்னிடம் இருந்தது ஒரு வாக்கியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இருந்த அப்பாவிடம் இதைத் தமிழில் சொன்னேன். புலம்பத்தான் போனேன். அவர் மண்டிக்காரராகவே கேட்டார்.

"அந்தக் கால் பங்க சோறா குடுப்பாங்களா, காசா குடுப்பாங்களா?"

"சோறாத்தான். அப்பம், அதிரசம் வெச்சா அதுலயும்."

"விட்டவன் ஊர்ல இல்லாட்டி?"

"..."

"செத்துட்டா யாருக்குப் போவும்? அத்த வேற ஒருத்தனுக்கு எழுதிக் குடுக்கலாமா? தெனமும் அவ்ளோ சோறு வந்தா, ஒரு வூட்ல இன்னா பண்ணுவாங்க?"

எழுந்து உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தேன். அவர் கேட்டதற்கெல்லாம் கல்வெட்டிலேயே பதில் இருந்தது. நான்தான் அந்தக் கேள்வியோடு படித்ததில்லை. பங்கு சந்ததிக்கும் போகும். யாத்திரிகருக்குச் சோறு போடும் ராமானுஜ கூடங்களுக்கு அதை எழுதிவைத்தவர்கள் உண்டு. விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மர் காலத்தில் அந்தக் கூடங்களைப் பார்த்துக்கொண்ட கந்தாடை ராமானுஜ ஐயங்கார் கையில் எவ்வளவு சோறு புழங்கியிருக்கும், அதனால் அவருக்கு எவ்வளவு செல்வாக்கு வந்திருக்கும் என்பதெல்லாம் அந்தக் கால் பங்கின் வழியாகத்தான் எனக்குப் புரிந்தது. மூன்றாம் இயல் அன்று சாயங்காலம் பிறந்தது. தமிழில், பால்பாயிண்ட் பேனாவால், பள்ளிக்கூட நோட்டில் பதினோரு பக்கம்.

ஆங்கிலம்தான் தடை என்று அதுவரை நினைத்திருந்தேன். நம் பக்கத்தில் எல்லோரும் அதையே சொல்வார்கள். கொஞ்சம் உண்மையும் அதில் இருக்கிறது. தமிழுக்கே அந்த நிலைமை இருந்தது: மு. வரதராசன் 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு எழுதியது ஆங்கிலத்தில். வ. சுப. மாணிக்கத்தின் 'தமிழ்க் காதல்' முதலில் ஆங்கில ஆய்வேடுதான். ஆனால் தமிழிலேயே எழுத அனுமதி உள்ள நண்பர்களின் ஆய்வேடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய ஒரே இயலில் 'அறிய முடிகிறது' என்ற தொடரைப் பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. யாரால் அறிய முடிகிறது? எழுதியவர் அந்தப் பக்கத்திலேயே இல்லை. ஆங்கிலத்தில் நாங்கள் எழுதும் 'இட் ஈஸ் அப்சர்வ்ட் தட்' இதற்கு உடன்பிறப்பு. தப்பாகிவிட்டால் அடி வாங்க ஆள் இருக்கக்கூடாது என்ற பயத்தில் உண்டான வாக்கியங்கள் இவை.

பயம் புதிதில்லை. திருப்பதி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பையன் ஒருவர் பிற்பாடு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ.வுக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வேடு எழுதினார். தன் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக்குக்கு அது பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்தார். ஹாக் பாராட்டினார். 1908இல் அது புத்தகமாகவே வந்தது. அந்தப் பையன் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அப்போது அவருக்கு இருபது வயது. எனக்கு நாற்பதிலும் அதே பயம். ஒரே வித்தியாசம், அவரைப் பயமுறுத்தியவர் ஒரு மனிதர், படித்துவிட்டுப் பாராட்டக் கூடியவர். எங்களைப் பயமுறுத்துவது ஒரு சாப்ட்வேர்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்து ஆய்வேடுகளில் பெரும்பாலும் 'ஸ்டடி ஏரியா' என்று ஒரு இயல் இருக்கும். சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைச் சேர்த்து உருவானது, மண் இப்படி, மழை இப்படி. நானும் 2021இல் அப்படி ஒன்று எழுதினேன். எழுதினேன் என்பதைவிட முன்னோர் எழுதியதைச் சேர்த்து வைத்தேன். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தது. திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. ஒரே ராத்திரியில் என் ஆராய்ச்சிக் களம் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது! காலேஜில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இயல் இல்லாமலே என் வாதம் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படியானால் எதற்காக எழுதினேன்? எல்லோரும் எழுதியிருந்தார்கள், அதற்காக.

தூக்கிப் போடத் துணிச்சல் வரவில்லை. மாவட்டம் பிரிந்ததை இரண்டு வரி சேர்த்து, மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சாப்ட்வேர் பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்தேன். 34 சதவீதம் என்று வந்தது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) போட்ட விதியின்படி 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்திக் கொடுக்க ஆறு மாத அவகாசம். 40 முதல் 60 என்றால் ஒரு வருஷம் சமர்ப்பிக்கவே முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. மேற்கோள், நூற்பட்டியல், பொதுவான சொற்றொடர் இவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. சோதனை போட்டுக் கொடுப்பவருக்கு அதையெல்லாம் கழித்துப் பார்க்க நேரம் ஏது? எண்ணைப் பார்த்தார், தாளை நீட்டினார்.

ஒரு டி.டி.பி. கடையில், 'ஒன்பதுக்குக் கொண்டுவந்து தருகிறேன், பக்கத்துக்கு இவ்வளவு' என்றார்கள். கொடுத்தேன். ஒளித்துப் பயனில்லை. இரண்டு நாளில் வந்தது. ஏரிப் பாசனத்தைக் குறித்த 'டேங்க் இரிகேஷன்' என்பதில் டேங்க் 'கன்டெய்னர்' ஆகியிருந்தது. 'டோனர்ஸ் ஷேர்' என்பது 'பெனிஃபாக்டர்ஸ் ஸ்டாக்' ஆகியிருந்தது, ஏழுமலையான் பங்குச் சந்தையில் இறங்கிவிட்ட மாதிரி. சதவீதம் மட்டும் சுத்தமாக ஒன்பது.

இது என் ஒருவன் கூத்து இல்லை என்று பிறகு தெரிந்தது. கியோம் கபானக் என்ற பிரெஞ்சுக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் 2021இல் இதே வியாதியை விஞ்ஞானப் பத்திரிகைகளில் தோண்டி எடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான 'ப்ரெஸ்ட் கேன்சர்', 'பூசம் பெரில்', அதாவது மார்பு ஆபத்து, என்று அச்சாகியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கு 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்', அதாவது கள்ள உணர்வு. சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். இப்போது அந்தக் கடைக்கே போக வேண்டியதில்லை. கேட்டால் செயற்கை நுண்ணறிவு வழுவழுவென்று நாற்பது பக்கம் தருகிறது. என் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். நானும் ஆங்கில இலக்கணம் பார்க்கப் பயன்படுத்துகிறேன். ஆனால் நாள்வழி இல்லாமல் வருகிற பேரேடு அது. வரவு எங்கே, செலவு எங்கே என்று வைவாவில் ஒருவர் கேட்டால் புரட்டிக் காட்ட நம்மிடம் பக்கம் இருக்காது.

கடைசியில் அந்த 'ஸ்டடி ஏரியா' இயலை எடுத்தே விட்டேன். அந்த இடத்தில் ஏரிகளைப் பற்றி ஏழு பக்கம், சொந்தமாக.

ஒழுங்காக எழுதத் தொடங்கியது 2022 ஜூனில். அப்பா கொடுத்த மண்டி நோட்டு ஒன்று, நீளவாக்கில் மடிக்கிற ரகம். சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணி பஸ்ஸில் திருப்பதிக்குப் போவேன். பாகாலா வரை தூக்கம், பாகாலாவில் டீ, அங்கிருந்து சந்திரகிரி தாண்டும்வரை எழுத்து. மற்ற நாட்களில் வீட்டில் பால் வருவதற்கு முன். தேதி, அன்று படித்த கல்வெட்டின் எண், அதில் எனக்குப் புரிந்தது, புரியாதது. தமிழில்தான். தெலுங்குச் சொல் வந்தால் தெலுங்கு, ஆங்கிலம் வந்தால் ஆங்கிலம், அப்படியே விடுவேன். ஒன்றும் ஓடாத நாளில் அப்பா மாதிரி 'இன்று வரவு இல்லை'. அந்த வரியை எழுத வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்திலேயே அடுத்த நாள் இரண்டு வரி வரும். இரண்டரை வருஷத்தில் நாலு நோட்டு. ஆய்வேட்டில் நான் உருப்படியாகச் சொன்னதெல்லாம் அந்த நோட்டுகளில் முதலில் தமிழில் இருந்தது. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன வேலை நாலு மாதம்தான்.

இன்னொன்று, கேட்க ஆள். திருப்பதியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். சுவர்ணமுகி ஆற்றுப் பாசிகளில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண், அன்னமய்யாவின் கீர்த்தனைச் செப்பேடுகளோடு மாரடிக்கும் ஒரு தெலுங்கு நண்பர், நான். கபிலதீர்த்தம் பக்கத்தில் ஒரு டீக்கடை. ஆளுக்கு ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர்கள் பாராட்டவும் கூடாது, திருத்தவும் கூடாது. எந்த இடத்தில் கவனம் போயிற்று என்று மட்டும் சொல்லவேண்டும். என் ஒரு வாக்கியம் ஏழு வரி ஓடியது. முடித்து நிமிர்ந்தேன். அந்தப் பெண், "சார், இதுல யார் என்ன பண்ணாங்க?" என்றார். கல்வெட்டு வெட்டியவனுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததே இல்லை. யார், என்றைக்கு, எவ்வளவு, யாருக்கு என்று கல்லில் நேராக வெட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒவ்வொரு எழுத்தையும் உளியால் வெட்டியாக வேண்டுமல்லவா. அதை எடுத்து வைத்துக்கொண்டு நான் ஏழு வரி சுற்றியிருக்கிறேன்.

இந்த இரண்டும் பெரிய கண்டுபிடிப்புகள் இல்லை என்று எனக்குத் தெரியும். இத்தாலியில் உம்பர்ட்டோ ஈக்கோ 1977லேயே ஆய்வேடு எழுதுவது எப்படி என்று புத்தகமே போட்டார். எனக்குக் கோபம் வேறிடத்தில். 2019 கடைசியில் யுஜிசி, ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆராய்ச்சி நெறிமுறை பற்றி 30 மணி நேரப் பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கியது. நானும் ஊரடங்கில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படித்தேன். திருடாதே என்பதுதான் சாரம். நல்ல பாடம், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருடாமல் எப்படி எழுதுவது என்பதற்கு என் கோர்ஸ்வொர்க்கில் முப்பது நிமிஷம்கூட இல்லை. 'மெதடாலஜி' தாளில் அடிக்குறிப்பில் காற்புள்ளி எங்கே போடுவது என்று பரீட்சை வைத்தார்கள். கையில் இருக்கிற ஆதாரத்திலிருந்து ஒரு பத்தியை எப்படிக் கட்டுவது என்று எனக்கு யாரும் காட்டவில்லை. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, கத்துகிற சத்தம் பக்கத்துக் கிணற்றுக்காரன் சத்தம் மாதிரி இருக்கிறதா என்று அளக்கிறோம்.

கைடுகளை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. வகுப்பு, தேர்வு வேலை, அங்கீகாரக் குழு வருகைக்கான கோப்புகள், இவற்றுக்கு நடுவில் தலைக்கு ஆறு, ஏழு மாணவர்களின் ஆங்கிலத்தைத் திருத்தவேண்டும் என்றால் யாருக்கும் அலுப்பு வரும். முந்நூறு பக்கத்தை மொத்தமாகக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால் அவர் தூக்கிப் பார்ப்பாரே தவிர படிக்கமாட்டார். வாரத்துக்கு ஒரு பக்கம் என்றால் டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். நான் கடைசி வருஷத்தில் அப்படித்தான் கொடுத்தேன். என் கைடு பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தார்.

2025 மார்ச்சில் சமர்ப்பித்தேன். 262 பக்கம். 'விட்டவன் விழுக்காடு' என்ற சொல்லை மொழிபெயர்க்கவில்லை, தமிழிலேயே வைத்து நாலு பக்கம் விளக்கியிருக்கிறேன். வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, "தினமும் அவ்வளவு சோற்றை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்?" பின்வரிசையில் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அவர் கேட்ட ஆங்கிலம் புரியவில்லை. அப்புறம் சொன்னேன்.

2022 நவம்பரில் வெளியான யுஜிசியின் புதிய முனைவர் பட்ட விதிகளில் ஒரு வரி இருக்கிறது. எந்தத் துறையானாலும் ஆராய்ச்சி மாணவர் கற்பித்தல், கல்வி, கற்பிக்கும் முறை, எழுத்து இவற்றில் பயிற்சி பெறவேண்டும் என்கிறது. சாய்கோடு போட்டுப் பிரித்த நாலு சொற்கள், அதில் நாலாவது எழுத்து. திருப்பதியிலும் சித்தூரிலும் குப்பத்திலும் உள்ள துணைவேந்தர்கள், துறைத்தலைவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம்: அந்த நாலாவது சொல்லுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பதிவு செய்த முதல் மாதத்திலிருந்தே, மாணவருக்கு எந்த மொழி வருகிறதோ அந்த மொழியில், ஒரு பக்கம் எழுதி, சத்தமாகப் படிக்கவிடுங்கள். ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமை ஆறு மணி பஸ்ஸில் நான் வருகிறேன்.